ஒன்று கேட்டால் ஒன்றே வர வேண்டும்: பேப்பர் கப் பெட்டிக்குள் இருக்கும் கணக்கு

சேலம் புதிய பேருந்து நிலையமோ, ஏற்காடு ஏரிக்கரையோ, கூட்ட நேரத்தில் டீக்கடையில் பேப்பர் கப் எடுக்கும் முறை ஒன்றுதான். பாலித்தீன் உறையைக் கிழிப்பார்கள். அடுக்கைப் பாய்லருக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். கட்டை விரலைக் கப்பின் உள்ளே விட்டு, மற்ற விரல்களை வெளியே வைத்து உருவுவார்கள். பாதி நேரம் இரண்டு சேர்ந்து வரும். அவசரத்தில் அதைப் பிரிக்காமல் இரட்டையாகவே டீ ஊற்றிக் கொடுப்பதும் உண்டு. சில்லறை எண்ணிய விரலும் மேஜை துடைத்த விரலும் வாடிக்கையாளர் வாய் வைக்கும் விளிம்பில் பட்ட பிறகுதான் டீ கைக்கு வருகிறது.

இதற்குத் தீர்வாக, கப் வரும் அட்டைப் பெட்டியையே கப் வழங்கும் பெட்டியாகவும் வடிவமைக்கலாம். கிழிசல் கோட்டில் கிழித்து ஆணியில் மாட்டினால், அடியில் தொங்கும் கப்பின் அடிப்பாகத்தைப் பிடித்து இழுக்க வேண்டியதுதான். விளிம்பை யாரும் தொடுவதில்லை. பார்க்க எளிதாக இருப்பதால் பலர் பெட்டியின் அடியில் ஒரு வட்டத் துளை போட்டால் போதும் என்று தொடங்கிவிடுகிறார்கள். கப்பை வெளியே விடுவது இந்தப் பெட்டிக்குப் பெரிய வேலை இல்லை. ஒரு கப் போகும்போது அதற்கு அடுத்த கப்பைப் பிடித்து நிறுத்துவதுதான் வேலை. அளவு, அட்டை, பசை, ஈரம் என்று கீழே வரும் ஒவ்வொன்றும் அந்த ஒரு பிடிப்புக்காகத்தான்.

பேப்பர் கப்பும் அதை வழங்கும் கருவியும் சேர்ந்தே பிறந்தவை. அமெரிக்காவில் 1907, 1908 வாக்கில் லாரன்ஸ் லூயெலனும் ஹியூ மூரும் காகிதக் கப்பைக் கொண்டுவந்தபோது, ஒரு சென்ட் போட்டால் குளிர்ந்த நீரும் ஒரு கப்பும் தரும் பெட்டியோடுதான் கொண்டுவந்தார்கள். ரயிலிலும் பள்ளியிலும் எல்லோரும் ஒரே குவளையில் குடிப்பதை 1909-ல் கான்சாஸ் மாநிலம் தடை செய்த காலம் அது. கை படாத கப் என்பதே அந்தப் பொருளின் அடிப்படை. இங்கே கப் வந்தது, கருவி வரவில்லை.

எந்தக் கப் என்பது முதலில்

பெட்டியின் படம் வரைவதற்கு முன்பே சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2018 ஜூனில் வந்த அரசாணைப்படி, 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் ஒன்று. கப் உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 அக்டோபரில் கப் மீதான தடை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. எனவே உள்ளே பாலித்தீன் பூசிய வழக்கமான கப்புக்கு எவ்வளவு நல்ல பெட்டி செய்தாலும் அது சேலத்தில் விற்கக் கூடாத சரக்கு. தடைக்கு உடல்நலக் காரணமும் சேர்ந்தே இருக்கிறது. பூச்சுள்ள கப்பில் 100 மி.லி. சூடான நீர் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று ஐ.ஐ.டி. கரக்பூர் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

மாற்றாகச் சந்தையில் வருவது நீரில் கரைத்துப் பூசும் பூச்சு கொண்ட கப். இதிலும் ஒரு எச்சரிக்கை தேவை. அந்தப் பூச்சுகள் பலவற்றில் அக்ரிலிக் போன்ற பாலிமர் இருக்கிறது. ‘பிளாஸ்டிக் இல்லாதது’ என்று பெட்டியில் அச்சடிப்பதற்கு முன் பூச்சு எதனால் ஆனது என்பதற்கான ஆய்வகச் சான்றைக் கப் அட்டை கொடுப்பவரிடம் எழுத்தில் வாங்கி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வதே சரி.

பெட்டி வடிவமைப்பவருக்கு இந்தப் பூச்சு வேறு ஒரு தலைவலியையும் தருகிறது. வெப்பமும் அழுத்தமும் சேர்ந்தால் சில நீர்ப்பூச்சுகள் லேசாக இளகி, உள் கப்பின் வெளிச்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரை போட்ட குடோனுக்குள் 45-ஐத் தாண்டும். ஒரு மாதம் அங்கே கிடந்த அடுக்கிலிருந்து கப் ஒன்றொன்றாகப் பிரியாது. இந்தக் குறையைப் பெட்டியால் சரி செய்யவே முடியாது. சரக்கு வாங்கும் முன்பே 50 கப் அடுக்கை 50 டிகிரி அடுப்பில் ஒரு நாள் வைத்து, ஆறவிட்டு, சுருள் தராசில் கொக்கி போட்டு இழுத்துப் பாருங்கள். ஒரு கப் பிரிய 150 கிராமுக்கு மேல் இழுவை தேவைப்பட்டால் அந்தக் கப்பை விட்டுவிடுவது நல்லது.

கப்பை அளப்பது

கணக்குக்காக ஒரு நடுத்தர டீ கப்பை எடுத்துக்கொள்வோம். விளிம்பின் வெளி விட்டம் 66 மி.மீ. விளிம்புச் சுருளுக்குச் சற்றுக் கீழே சுவரின் விட்டம் 61. அடி விட்டம் 46. உயரம் 65. விளிம்பு வரை 130 மி.லி. அளவுக்குப் பிடிக்கும். டீ ஊற்றுவது 100 மி.லி. எடை 3 கிராம் அளவில் இருக்கும். உங்கள் கப்பின் அளவு இதிலிருந்து மாறும். வெர்னியர் வைத்து அளந்து, இந்த எண்களுக்குப் பதில் அவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது, அடுக்கில் ஒரு விளிம்புக்கும் அடுத்த விளிம்புக்கும் இடையே உள்ள தூரம். இதைப் ‘படி’ என்று வைத்துக்கொள்வோம். நல்ல கப்பில் இந்தப் படியைத் தீர்மானிப்பது அடித்தட்டு. கப்பின் அடியில் வட்டத்தட்டு கொஞ்சம் உள்வாங்கி இருக்கும், சுவர் அதற்குக் கீழே ஒரு வளையமாக இறங்கி நிற்கும். மேல் கப்பின் வளையம் கீழ்க் கப்பின் தட்டில் உட்கார்ந்தால், தட்டு எவ்வளவு உள்வாங்கியிருக்கிறதோ அதுவே படி. நம் கப்பில் 6 மி.மீ. என்று கொள்வோம்.

அப்படி உட்காராவிட்டால் கப் சுவரோடு சுவர் உரசி ஆப்பு மாதிரி இறுகும். எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்ப்போம். சுவர் ஒவ்வொரு பக்கமும் 62 மி.மீ. உயரத்தில் 7.5 மி.மீ. சாய்கிறது. ஆகவே 6 மி.மீ. படிக்கு 0.73 மி.மீ. விலகல் கிடைக்கும். சுவர்த் தடிமன் 0.27 போனால் மீதி 0.46. சுவர் ஒட்டும் பக்கவாட்டுத் தையலில் அட்டை இரண்டு மடிப்பு, அங்கே மீதி 0.19 மட்டும். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் மொத்தப் பாதுகாப்பு. கப் மெஷினில் அடி வளையத்தை அழுத்தி ஒட்டும் நர்லிங் சக்கரம் சரியாக அழுத்தாமல் வளையம் 1.5 மி.மீ. குறைந்து போனால், தையல் இருக்கும் இடத்தில் இந்த இடைவெளி தீர்ந்து கப்புகள் கவ்விக்கொள்ளும். கடைக்காரர் பெட்டியைத் திட்டுவார். காரணம் நர்லிங் சக்கரத்தில் இருக்கும்.

தையல்கள் எல்லாம் ஒரே பக்கம் வந்தாலும் சிக்கல். அடுக்கு அந்தப் பக்கத்தில் தடித்து, நீளத்தில் வில் போல வளையும். பெட்டியில் கப்பை அடுக்குபவர் 25 கப்பை எடுத்து அரைச் சுற்று திருப்பி மீதி 25-க்குள் செருகினால் வளைவு பெருமளவு போய்விடும்.

படியை அளக்கும்போது இரண்டு கப்பை வைத்து அளக்காதீர்கள். 0.1 மி.மீ. பிழைகூட 50 கப் அடுக்கில் 5 மி.மீ. ஆகிவிடும். முழு 50 கப் அடுக்கின் உயரத்தை அளந்து, ஒரு கப்பின் உயரத்தைக் கழித்து, 49-ஆல் வகுக்க வேண்டும். நம் கப்புக்கு அடுக்கு உயரம் 65 + 49 × 6, அதாவது 359 மி.மீ.

சதுரப் பெட்டி, வட்டக் கப்

அடுக்கு வாய் மேலே, அடி கீழே என்று நிற்க வேண்டும். அப்போதுதான் அடியில் உள்ள கப் எல்லாவற்றுக்கும் வெளிக் கப்பாக இருக்கும், கீழே இழுத்தால் உருவிக்கொண்டு வரும். வாய் கீழே இருக்கும்படி வைத்தால் அடியில் உள்ளது எல்லாவற்றுக்கும் உள் கப். அதை எடுக்க விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும், வந்த நோக்கமே கெட்டுவிடும். வாய் மேலே இருந்தால் தூசி விழாதா என்று கேட்பார்கள். திறந்திருப்பது மேல் கப் ஒன்றுதான், அதைப் பெட்டி மூடி காக்கிறது.

பெட்டியின் உள் அகலம் 67.5 மி.மீ. விளிம்புக்கும் சுவருக்கும் ஆளுக்கு முக்கால் மில்லிமீட்டர்தான் இடம். இது போதாது என்று தோன்றும். ஆனால் அடுக்கை நடுவில் நிறுத்துவது இந்த நெருக்கம்தான். 72 என்று தாராளமாக வைத்தால் அடுக்கு ஒரு மூலைக்கு ஒதுங்கும். எதிர் மூலையில் பிடிப்பு விட்டுப்போய் மொத்த அடுக்கும் சாய்ந்து கொட்டும்.

விளிம்பின் அடியில் நீட்டி நின்று கப்பைத் தாங்கும் சிறு அட்டை மடிப்புதான் நாக்கு. இந்த நெருக்கத்தில் அதை எங்கே வைப்பது? பக்கங்களின் நடுவில் இடமே இல்லை. மூலைகளில் இருக்கிறது. 67.5 சதுரத்தின் மையத்திலிருந்து மூலைக்குத் தூரம் 47.7 மி.மீ. விளிம்பின் ஆரம் 33. மூலைக்கு மூலை 14.7 மி.மீ. சும்மா கிடக்கிறது. நாக்கு நான்கும் அங்கேதான் உட்கார வேண்டும், மையத்தைப் பார்த்தபடி. நாக்கின் மடிப்புக்கோடு மூலைக்குக் குறுக்கே 45 டிகிரியில் போகும், நீளம் 16 மி.மீ. நாக்கின் நுனி 63.5 மி.மீ. விட்ட வட்டத்தில் முடியும். 61 மி.மீ. சுவர் உரசாமல் இறங்கும். 66 மி.மீ. விளிம்பு ஒவ்வொரு நாக்கிலும் 1.25 மி.மீ. உட்காரும்.

நாக்கின் நீளம் எவ்வளவு என்பதில்தான் பெரும்பாலான மாதிரிகள் தோற்கின்றன. கப்பை இழுக்கும்போது நாக்கு கீழ்நோக்கி மடிகிறது. நுனி 1.25 மி.மீ. வெளியே ஒதுங்கினால் விளிம்பு நழுவும். நாக்கு 14 மி.மீ. நீளம் என்றால் அந்த ஒதுக்கம் கிடைக்க நுனி 5.8 மி.மீ. கீழே இறங்கியாக வேண்டும். படி 6 மி.மீ. அதாவது முதல் விளிம்பு விடுபடும் கணத்தில் இரண்டாவது விளிம்பு நாக்கின் இடத்துக்கே வந்து நிற்கிறது. நாக்கு மேலே எழும்ப நேரமில்லை. இரண்டும் சேர்ந்து வரும், சில நேரம் மூன்றும் வரும். நாக்கை 8 மி.மீ. என்று குறைத்தால் அதே ஒதுக்கத்துக்கு நுனி இறங்குவது 4.3 மி.மீ. மீதி 1.7 மி.மீ. கிடைக்கிறது. அந்த 1.7-ல் நாக்கு நிமிர்ந்து அடுத்த விளிம்பைப் பிடித்துவிடும். நுனி இறங்கும் தூரம் படியில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம். நீளமான நாக்கு மெதுவாக, மென்மையாக மடியும், கையில் எடுத்துப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் குட்டையான, விறைப்பான நாக்குதான் வேலை செய்யும்.

விசைக் கணக்கும் இதோடு சேர்ந்தது. முழு அடுக்கின் எடை 150 கிராம். யாராவது பெட்டியில் இடித்தாலும் அடுக்கு விழாமலிருக்க நாக்குகள் நான்கும் சேர்ந்து குறைந்தது 300 கிராம் தாங்க வேண்டும். கப் ஒன்றைப் பிரிக்கும் இழுவை எப்போதும் இதைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது கப் நாக்கையும் தள்ளிக்கொண்டு கூடவே வரும். 150 கிராமுக்கு மேல் இறுகும் கப்பை விட்டுவிடச் சொன்னதற்குக் காரணம் இதுதான். மேல் எல்லை 500 கிராம் என்று வைத்தால் ஒரு கை, இரண்டு விரலில் சிரமமில்லாமல் இழுக்கும். அதற்கு மேல் போனால் கப்பின் அடி நசுங்கும்.

நாக்குத் தகட்டைத் தனித் துண்டாக வெட்டி உள்ளே ஒட்டுவதே நல்லது. நடுவில் சதுரம், நான்கு பக்கமும் கீழே மடியும் 15 மி.மீ. பட்டைகள். பட்டைகள் பெட்டிச் சுவரில் ஒட்டும், நான்கு மூலைகளையும் இணைத்து வைக்கும். பெட்டி தரையிலிருந்து தகட்டின் உயரம் 61 மி.மீ. இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. கிழிக்காத பெட்டியில் அடிக் கப் தரையில் நிற்கும்போது அதன் விளிம்பின் கீழ்ப்பக்கம் 62 மி.மீ. உயரத்தில் இருக்கும். நாக்கின் மேல் எடை விழாது. லாரியில் குலுங்கும்போது எடையைத் தாங்குவது பெட்டியின் தரை. கடையில் அடியைக் கிழித்ததும் அடுக்கு 1 மி.மீ. இறங்கி நாக்கில் உட்காரும். அதுவரை நாக்கு புதிதாகவே இருக்கும்.

உள் உயரம் 363 மி.மீ. மேலே 4 மி.மீ. மட்டுமே காலி. இது ஒரு படியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதிகமானால் கப்புகள் குதித்துக் குதித்து ஒன்றுக்குள் ஒன்று இறுகும்.

கிழிசல் கோடு முன்சுவரில் தகட்டுக்கு 18 மி.மீ. கீழே தொடங்கி, தரையோடு சேர்ந்து கழன்று வரும்படி ஓடட்டும். பக்கச் சுவர்கள் அப்படியே இருக்கும், அவற்றில் அரைவட்டம் வெட்டிவிட்டால் விரல் நுழைய இடம் கிடைக்கும். 3 மி.மீ. வெட்டு, 1 மி.மீ. ஒட்டு என்ற கணக்கு கையால் கிழிக்க வசதி. மலைக்குப் போகும் சரக்குக்கு ஒட்டை 1.5 என்று வைப்பது நல்லது.

பெட்டி தொங்க வேண்டும், நிற்கக் கூடாது. கப் உருவி வெளியே வர, அடியில் தொங்கும் 62 மி.மீ.க்கு மேல் இன்னும் 59 மி.மீ. கீழே இறங்கியாக வேண்டும், கைக்கும் இடம் வேண்டும். மேஜையில் நிற்க வைத்தால் 150 மி.மீ. கால் தேவை. அவ்வளவு அட்டை வீண். பின்சுவரை மேலே 80 மி.மீ. நீட்டி, இரட்டையாக மடித்து ஒட்டி, இரண்டு துளை போடுங்கள். ஒரே துளை என்றால் இழுக்கும்போது பெட்டி ஊஞ்சல் ஆடும். சாய்ந்து தொங்கினால் இரண்டு நாக்கு மட்டுமே தாங்கும், இரட்டை வரத் தொடங்கும்.

கல்யாண மண்டபத்துக்கு இந்த வடிவம் ஒத்துவராது. அங்கே படுக்கை வசமாக, கப்பின் அடி வெளியே தெரியும்படி நான்கு அடுக்குப் பெட்டி போதும். ஒற்றை அடுக்குப் பெட்டி என்றால் கப்போடு பெட்டியும் நகர்ந்து வரும்.

அட்டையும் பசையும்

ஒரே அட்டையில் எல்லாம் செய்ய நினைப்பது தவறு. சுவர்களுக்கு 300 முதல் 350 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு அத்தனை கிராம் எடையுள்ள அட்டை போதும். நாக்குத் தகட்டுக்கு மட்டும் பழைய காகிதத்தில் செய்த சாம்பல் முதுகு டூப்ளெக்ஸ் அட்டை வேண்டாம். அதில் நார் குட்டை. ஈரம் பட்டால் மடித்த இடத்தில் நிமிரும் வலு போய்விடும். புது நாரில் செய்த அட்டையோ கிராஃப்ட் என்னும் வலுவான பழுப்பு அட்டையோ வாங்குங்கள். மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு காகித ஆலை நிறுவனமான டி.என்.பி.எல். பல அடுக்கு அட்டை தயாரிக்கிறது. நல்ல அட்டைக்கு வடநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

அட்டையின் நார் ஓடும் திசையில் விறைப்பு அதிகம், குறுக்கே ஏறக்குறைய பாதி. சுவரில் நார் பெட்டியைச் சுற்றிப் படுக்கையாக ஓட வேண்டும், அப்போதுதான் சுவர் உப்பாது. நாக்குகள் மூலைவிட்டத்தில் இருப்பதால் நார் எப்படி ஓடினாலும் நான்குக்கும் 45 டிகிரியில்தான் அமையும். இது நல்லதே. நாக்கைப் பக்கத்தின் நடுவில் வைக்கும் வடிவங்களில் இரண்டு நாக்கு விறைப்பாகவும் இரண்டு தளர்வாகவும் போய், கப் சாய்ந்து வரும்.

அட்டையை வெட்டும் டை அச்சு செய்பவரிடம் நாக்கின் மடிப்புக்கோட்டைக் க்ரீஸிங்காக, அதாவது வெட்டாமல் அழுத்திய பள்ளமாகப் போடச் சொல்லுங்கள். பாதி வெட்டு போட்டால் மடிக்க எளிது, ஆனால் இருபதாவது கப்புக்குள் நாக்கு தொங்கிவிடும். டையில் வெட்டும் எஃகுப் பட்டையான வெட்டு ரூல் 23.8 மி.மீ. உயரம் என்றால், பள்ளம் போடும் க்ரீஸ் ரூல் அதைவிட ஓர் அட்டைத் தடிமன் அளவுக்குக் குறைவு என்பது டைக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு. நாக்கு நுனியை மட்டும் விளிம்பின் வளைவுக்கு ஏற்ற வில்லாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் நடுவில் ஒரு புள்ளியில் மட்டும் பிடித்து, அங்கே நைந்துபோகும்.

பசை விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்கு மரவள்ளி ஸ்டார்ச் மேல் இயல்பான பற்று உண்டு. நெளி அட்டை ஒட்ட அது அருமையான சரக்கு, வெளிப் பெட்டிக்குத் தாராளமாகப் போடலாம். ஆனால் ஸ்டார்ச் பசை ஈரத்தில் இளகும். நாக்குத் தகட்டின் பட்டைகளையும் பெட்டியின் பக்கத் தையலையும் வினைல் பசையால் ஒட்டுங்கள். எந்த இடத்திலும் ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டாம். கழன்ற ஸ்டேப்ளர் பின் ஒன்று கப்புக்குள் விழுந்து டீயோடு ஒருவர் வாய்க்குப் போவது நடக்கக்கூடிய காரியம்.

பெட்டியின் உட்பக்கம் கப் விளிம்பைத் தொடுகிறது. எனவே உள்ளே அச்சு கூடாது, உள் முகம் உணவுக்கு ஏற்ற அட்டையாக இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 பேக்கேஜிங் விதிகளும், உணவுப் பொதி அச்சு மைக்கான ஐ.எஸ். 15495 தரமும் அச்சகத்துக்கு ஆர்டர் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை.

கீழே வெயில், மேலே மூடுபனி

சேலம் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். இரண்டுக்கும் இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரே பெட்டி இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

சேலத்து வறண்ட வெயிலில் அட்டை ஈரம் இழந்து சுருங்கும், நாக்கு விறைக்கும், க்ரீஸில் வெடிக்கும். ஏற்காட்டில் மழை மாதங்களில் காற்றின் ஈரப்பதம் நாள் கணக்கில் 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். அந்த ஈரத்தில் அட்டைப் பெட்டியின் தாங்குவலு 50 சதவீத ஈரப்பதத்தில் இருந்ததில் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். நாக்கு சோர்ந்து தொங்கும். கப்பின் சுவரும் உப்பும். 0.19 மி.மீ. இடைவெளியில் அதற்கு இடம் ஏது? பிடி தளர்வதும் கப் இறுகுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சேலத்தில் ஒழுங்காக வேலை செய்த பெட்டி மலையில் இரட்டை தருவது இதனால்தான்.

மலைக்கென்று இரண்டு மாற்றம் போதும். நாக்கின் பிடியை 1.25-லிருந்து 1.5 மி.மீ. ஆக்குங்கள், நுனி இறங்குவது 4.7 மி.மீ. வரை போகும், முக்கால் பங்கு விதிக்குச் சற்று மேலே என்றாலும் சோர்ந்த அட்டைக்கு இது ஈடு செய்யும். கப் வாங்கும்போது படி 6.5 மி.மீ.க்குக் குறையாத கப்பாகப் பாருங்கள், அப்போது விதிக்குள்ளேயே வந்துவிடும். பாய்லர் ஆவிக்கு மூடுபனியைவிடக் கெடுதல் அதிகம். பெட்டியைப் பாய்லருக்கு நேர் மேலே மாட்டவே கூடாது, பக்கவாட்டில் இரண்டடியாவது தள்ளி மாட்ட வேண்டும்.

காற்றழுத்தமும் மாறுகிறது. சேலத்தில் காற்றுப்புகாமல் மூடிய பாலித்தீன் உறை ஏற்காடு போய்ச் சேரும்போது உள்ளிருக்கும் காற்று ஆறில் ஒரு பங்கு விரியும். உறை பலூன் போல உப்பி வெளிப் பெட்டியைத் தள்ளும். இந்த அட்டைப் பெட்டியில் உறையே இல்லை என்பதால் அந்தத் தொல்லையும் இல்லை. அதே காரணத்தால் ஈரத்துக்குத் தடுப்பும் இல்லை. மலைக் கடைகள் மாதக் கணக்கில் இருப்பு வைக்காமல் வாராவாரம் வாங்குவதே நல்லது. மே மாதக் கோடை விழாக் கூட்டத்துக்கு மட்டும் முன்கூட்டியே சேர்க்க வேண்டியிருக்கும். அப்போது தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள்.

அட்டையின் எடை

இந்தப் பெட்டியின் மிகப் பெரிய குறையை மறைக்கக் கூடாது. 50 கப்பின் எடை 150 கிராம். அதற்கான பெட்டி 45 கிராம் அளவில் வரும். அதே 50 கப்புக்குப் பாலித்தீன் உறை மூன்று, நான்கு கிராம்தான். பிளாஸ்டிக்கைத் தவிர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பத்து மடங்குக்கும் மேல் அட்டையைக் குப்பைக்கு அனுப்புவது நியாயமில்லை. இரண்டு அடுக்கை ஒரே பெட்டியில் வைத்தால் சுவரில் கால் பங்கு மிச்சமாகும் என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் நடுவில் தடுப்பு இல்லாவிட்டால் பக்கத்து அடுக்கின் விளிம்புகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், தடுப்பு வைத்தால் மிச்சத்தில் பாதி போய்விடும்.

சரியான வழி, பத்தில் ஒன்றை மட்டும் வழங்கும் பெட்டியாக விற்பது. மீதி ஒன்பதும் மெல்லிய கிராஃப்ட் காகிதத்தில் சுற்றிய அடுக்குகளாகப் போகட்டும். கடைக்காரர் பெட்டி மூடியைத் திறந்து, கப் தீர்ந்ததும் புது அடுக்கைச் சுற்றுக் காகிதத்தோடு உள்ளே நிறுத்தி, காகிதத்தை உருவிக்கொள்ளலாம். கப்பில் கை படாது. இந்த முறைக்கு நாக்கு 50 முறைக்குப் பதில் 500 முறை மடிந்து நிமிர வேண்டும். கிராஃப்ட் தகட்டின் தடிமனை 0.45-லிருந்து 0.6 மி.மீ. ஆக்கினால் அந்த ஆயுள் எதிர்பார்க்கலாம், மடிக்கும் விசை கூடுவதால் நாக்கின் அகலத்தை 16-லிருந்து 12-க்குக் குறைக்க வேண்டியிருக்கும். அட்டைக் கணக்கும் ஒழுங்காகிவிடும், 500 கப்புக்கு ஒரே 45 கிராம் பெட்டி.

அச்சுக்குப் போகும் முன் பத்து மாதிரிப் பெட்டிகளைக் கையால் வெட்டி ஒட்டிச் சோதியுங்கள். ஐந்தைச் சேலம் நடுப்பகல் வெயிலில், ஐந்தை ஓர் இரவு முழுக்க ஆவி படும் அறையில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் 50 கப்பையும் இழுங்கள். பாதி மெதுவாக, பாதி வெடுக்கென்று. வெடுக்கென்று இழுக்கும்போது கப்புகளுக்கு இடையே காற்று நுழைய நேரமில்லாமல் உறிஞ்சிப் பிடிக்கும். கடையில் எல்லோரும் அப்படித்தான் இழுப்பார்கள். இரட்டை வந்தால் எத்தனையாவது கப்பில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தில் வந்தால் அடுக்கின் எடைக்கு நாக்கு போதவில்லை, பிடியைக் கூட்ட வேண்டும். கடைசி இருபதில் வந்தால் க்ரீஸ் சோர்ந்துவிட்டது, அட்டையை மாற்ற வேண்டும். எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கங்கே வந்தால் பெட்டியைத் தொடாதீர்கள். அந்த இரட்டைகளைப் பிரித்து அடி வளையத்தை அளந்து, எண்ணைக் கப் மெஷின் ஓட்டுபவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.